நாலு சதுரக் கண்ணாடி

தப்புப் பண்ணினவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நானே அதில் ஒருத்தி. ஆனால் பண்ணின தப்பை வெளியே சொல்லாவிட்டால் சோறு இறங்காது என்று நிற்கிற மனுஷரை ஒரே ஒருவரைத்தான் பார்த்தேன். கேட்க நன்றாக இருக்கும். பக்கத்து மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தால்தான் அது எத்தனை தொல்லை என்று தெரியும்.

பாலக்காட்டில் அந்த ஆராய்ச்சி நிலையத்தில் நான் சேர்ந்து இரண்டாவது வாரம். வாசல் பலகையில், விடுமுறை அறிவிப்புக்கும் தண்ணீர் வராத அறிவிப்புக்கும் நடுவே ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. மலையாளத்தில், குண்டு குண்டான எழுத்தில். நேற்றுச் சாயங்காலம் குளிர்பெட்டியின் கதவைச் சரியாகச் சாத்தாமல் போனது நான்தான் என்று அந்த மனுஷர் எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டிருந்தார். உள்ளே ஒன்றும் கெட்டுப்போகவில்லை. வாட்ச்மேன் பார்த்து அப்போதே மூடிவிட்டார். யாரும் யாரையும் கேட்கக்கூட இல்லை.

"எதுக்கு இப்படி ஊருக்கெல்லாம் தெரியும்படியா எழுதி ஒட்டறேள்?" என்று கேட்டேன்.

"கதவ ஆரு மூடலைன்னு ஒருத்தர ஒருத்தர் சந்தேகமாப் பாத்துக்குவாங்களுங்க. அது எதுக்குங்க? தப்பு என்னுதுங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தை அதற்கப்புறம் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை.

அவர் பெருமாட்டிக்காரர். எல்லையை ஒட்டின தென்னந்தோப்பு ஊர். கோயமுத்தூர்க்காரர்கள் மாதிரி எல்லாவற்றுக்கும் 'ங்க' போட்டுத்தான் பேச்சு. இயந்திரத்துக்கும் மரியாதை கொடுப்பார் என்று நாங்கள் கேலி பண்ணுவோம். நான் கல்பாத்தி அக்ரகாரத்தில் பிறந்து வளர்ந்தவள். என் பேச்சைக் கேட்டு அவர் ஒருநாளும் சிரித்ததில்லை. அவர் பேச்சைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன், அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அவர் வேலை வெட்டுவது. நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்து உறைய வைத்த சதைத் துண்டை, மைனஸ் இருபது டிகிரி குளிரில் இருக்கும் ஒரு பெட்டிக்குள் கையை விட்டு, கத்தியில் சீவுவார். வெங்காயத்தின் உள்தோலைவிட மெல்லிசாக வரும். மூச்சுக்காற்று பட்டால் சுருண்டுவிடும். அதனால் சீவும்போது முகத்தை இடது பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் வலது பக்கம் ஓட்டுவார். பார்க்கிறவர்களுக்கு யாரிடமோ கோபித்துக்கொண்டு நிற்கிறார் போலிருக்கும். சீவினதைத் தூரிகை முனையால் எடுத்துக் கண்ணாடிமேல் படுக்க வைத்துவிட்டுத்தான் மூச்சு விடுவார்.

வெட்டுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவார். எல்லாரும் பக்தி என்றுதான் நினைத்தோம். கத்தி வேலை செய்யும் இடத்தில் வெறுங்கால் கூடாது என்பது விதி. விதியை ஞாபகப்படுத்துவது என் சுபாவம்.

"செருப்பைப் போட்டுக்கோங்கோ. கோயிலா இது?"

"கோயிலு இல்லீங்க. மோட்டாருல அதிர்வு வந்துதுன்னா தரையில தெரியுமுங்க. காதுக்கு முன்னால காலுக்குத் தெரிஞ்சிரும். ஆனா விதி விதிதானுங்க, தப்பு என்னுதுங்க" என்று சொல்லிவிட்டு, போட்டுக்கொண்டார். மறுநாள் மறுபடி கழற்றினார். சாயங்காலம் என் மேஜைக்கு வந்து, இன்றைக்கும் வெறுங்காலோடுதான் வெட்டினேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் என்ன செய்ய? பிறகு கேட்பதை விட்டுவிட்டேன்.

ஒரு தடவை அவர் ஊர் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள் என்று கூப்பிட்டார். போனேன். அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்றுகொண்டு, பாத்திரத்தை நீட்டுகிற ஒவ்வொருத்தரிடமும், "உப்பு ரெண்டு தடவ போட்டுப்போட்டனுங்க. தப்பு என்னுதுங்க. மோரு அக்கட்டால இருக்குது, ஊத்திக்கோங்க" என்றார். வரிசையில் நூறு பேருக்கு மேல் இருக்கும். நூறு பேரிடமும் சொன்னார். பெரிய வீட்டுக்காரரிடமும் அதே குரல், குழந்தைகளிடமும் அதே குரல்.

அவர் மனைவி என் பக்கத்தில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இந்த மனுசன் கல்யாணத்துல தாலி கட்டையிலயே, மொத முடிச்சு சரியா உழுகலைன்னு மேளத்தையும் தாண்டிக் கேக்கற மாதிரி சொன்னவருங்க. எங்கப்பா மூஞ்சி போன போக்கப் பாக்கோணுமே!" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பில் கொஞ்சம் அலுப்பும் இருந்தது. இருக்காதா பின்னே?

என் வேலை வேறு. நிலையத்துக்கு வரும் ஒவ்வொரு சதைத் துண்டுக்கும் எண் போட்டுப் பதிவது, நோயாளிகளிடம் சம்மதபத்திரம் வாங்குவது, வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிகளைப் பிரித்துப் பொருள்களை அதனதன் இடத்துக்கு அனுப்புவது. எனக்கு ஒழுங்கு முக்கியம். பெட்டிக்குள் எந்தத் தாள் இருந்தாலும் உடனே எடுத்து, துளை போட்டு, ஃபைலில் கோர்த்துவிடுவேன். மேஜையில் துண்டுக் காகிதம் கிடந்தால் எனக்குக் கை அரிக்கும். என் அலமாரியைப் பார்த்துப் புகழாத ஆள் அந்தக் கட்டிடத்தில் கிடையாது. நானும் அந்தப் புகழ்ச்சிக்குக் காதை நன்றாகத் தீட்டி வைத்திருந்தேன்.

சில வருஷங்களுக்கு முன், மலைமேல் தேயிலைத் தோட்ட ஊரான சித்திரபுரத்திலிருந்து ஒரு பெண் எங்களிடம் வந்தார். நாற்பது வயசு இருக்கும். தேயிலைத் தொழிற்சாலையில் தூளைத் தரம் பிரிக்கிற வேலை. தோல் மரப்பலகை மாதிரி இறுகிக்கொண்டே போகிற ஓர் அபூர்வ நோய் அவருக்கு. இடது மணிக்கட்டில் ஆரம்பித்து முழங்கையைப் பார்க்க ஏறிக்கொண்டிருந்தது. அவர் அம்மாவுக்கும் அதுதான். அம்மாவுக்கு மார்புவரை ஏறி, மூச்சை இழுக்க முடியாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பெண் இதைச் சொன்னபோது அழவில்லை. சட்டைக் கையை மேலே தள்ளி, முன்கையில் பால்பாயிண்ட் பேனாவால் போட்ட ஒரு கோட்டைக் காட்டினார்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போடுவேன். இறுக்கம் எதுவரைக்கும் வந்திருக்குன்னு தடவிப் பாத்துப் போடுவேன். போன கோட்டுக்கும் இதுக்கும் நடுவுல ஒரு வெரல் வந்திருச்சுன்னா அன்னிக்கு யார்கூடயும் பேச மாட்டேன்."

அந்தக் கோடுதான் எங்கள் ஆராய்ச்சியே. நம் உடம்பில் ஒவ்வொரு செல்லிலும் எல்லா மரபணுக்களும் இருக்கின்றன. ஆனால் எல்லாம் எல்லா இடத்திலும் வேலை செய்வதில்லை. நோய்பட்ட தோலில் எந்த மரபணு எந்த இடத்தில் வேலை செய்கிறது என்று புள்ளி புள்ளியாகப் படம் போட்டுப் பார்க்க ஒரு புது வழி வந்திருந்தது. அவர் அதை அந்தப் பெண்ணுக்கு ஒரே மூச்சில் விளக்கிவிட்டார். "ஊட்டுல எல்லா அறைக்கும் லைட்டு மாட்டியிருக்குதுங்க. எந்த அறையில இப்ப எரியுதுன்னு வெளிய நின்னு பாக்கற வேலைங்க இது." எங்கள் புரொபசர் இதையே சொல்ல அரைமணி எடுத்துக்கொள்வார்.

அந்தப் பெண்ணின் கையிலிருந்து மிளகளவு நாலு துண்டுகள் எடுத்தார்கள். ஒன்றாவது, நன்றாக இறுகின இடத்திலிருந்து. இரண்டாவது, கோட்டுக்குச் சற்று உள்ளே. மூன்றாவது, கோட்டுக்குச் சற்று வெளியே. நாலாவது, தோள்பக்கம் நல்ல தோலிலிருந்து. நாலையும் சீவி ஒரே கண்ணாடியில், அதில் இருக்கும் நாலு சதுரங்களில் வைக்க வேண்டும். இரண்டாவதும் மூன்றாவதும் சாதாரண மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவேதான் கேள்வியே இருந்தது.

படம் வந்தது. ஒரு மரபணுவைக் கணினி மஞ்சள் நிறத்தில் காட்டியது. நாங்களும் அதை மஞ்சள் என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். கோட்டுக்கு வெளியே, இன்னும் இறுகாத தோலில், மஞ்சள் பிரகாசமாக எரிந்தது. உள்ளே இறுகின பிறகு மங்கிப்போயிருந்தது. அப்படியானால் இறுக்கத்துக்கு முன்னால் மஞ்சள் வருகிறது, மஞ்சள்தான் காரணம் என்று ஆகிறது. மஞ்சளை அணைக்க ஒரு மருந்து ஏற்கெனவே இருந்தது, வேறு நோய்க்குக் கொடுப்பது. ஈரலைக் கெடுக்கிற முரட்டு மருந்து. ஆனாலும் நோய் நிற்கும் என்றால் கொடுக்கலாம் என்று டாக்டர்கள் முடிவு பண்ணினார்கள். தேதியும் குறித்தார்கள். போனில் அந்தப் பெண்ணிடம் நான்தான் சொன்னேன். "வலது கைக்கு வராதுல்ல?" என்று மட்டும் அந்தப் பெண் கேட்டார். வராது என்று நினைக்கிறோம் என்றேன். அன்றைக்கு நான் வீட்டுக்கு ஒரு டப்பா மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனேன்.

மருந்து ஆரம்பிக்கப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு கல்யாணத்துக்காக நான் லீவ் போட்டேன். அன்றுதான் வெளிநாட்டிலிருந்து அந்த நாலு சதுரக் கண்ணாடிகளின் இரண்டாவது பெட்டி வந்தது. நான் இல்லாததால் அவரே பிரித்தார். உள்ளே ஒரு தாள் இருந்தது.

மறுநாள் காலையில் புரொபசர் அறையில் கூட்டம். டாக்டர்கள் இரண்டு பேர், நான், படத்தைக் கணக்குப் போடுகிற பையன்கள். கதவைத் தட்டாமல் அவர் உள்ளே வந்தார். செருப்பு இல்லை.

"ஏனுங்க சார், தப்பு என்னுதுங்க. அந்த மருந்த நிறுத்திப்போடுங்க."

சொன்னார். கண்ணாடியில் மேலே இரண்டு சதுரம், கீழே இரண்டு சதுரம். சதுரங்களில் எழுத்தோ எண்ணோ கிடையாது. நாம் எழுதுகிற மாதிரி, மேல் வரிசையில் இடமிருந்து வலம், பிறகு கீழ் வரிசை என்று அவர் வைத்துவிட்டார். முப்பது வருஷமாக அப்படி வைத்துத்தான் பழக்கம். இந்தக் கண்ணாடி செய்கிறவர்களோ, பெட்டியில் வந்த தாளின்படி, மேலிருந்து கீழாக எண்ணுகிறார்கள். இடது பக்கம் மேலே ஒன்று, அதன் கீழே இரண்டு. வலது பக்கம் மேலே மூன்று, அதன் கீழே நாலு. ஆகவே ஒன்றாவது துண்டும் நாலாவது துண்டும் சரியான இடத்தில்தான் இருந்தன. இரண்டும் மூன்றும் இடம் மாறிப்போயிருந்தன. மஞ்சள் எரிந்தது கோட்டுக்கு உள்ளே. இறுகின பிறகுதான் அது வருகிறது. அது காரணம் இல்லை, விளைவு. அதை அணைத்தால் ஈரல் போகும், இறுக்கம் நிற்காது.

சட்டைப் பையிலிருந்து ரப்பர் பாண்டு போட்ட நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். எந்தத் துண்டை எங்கே வைத்தார் என்று அன்றே படம் வரைந்து வைத்திருந்தார். மறுத்துச் சொல்ல ஒன்றுமில்லை. புரொபசர் முகம் செத்துப்போயிற்று. அவருக்கு அது எத்தனை வருஷத்து உழைப்பு என்று எனக்குத் தெரியும்.

"முதல் பெட்டியில் இந்த விவரத் தாள் இல்லையா?" என்று கேட்டார்.

"நான் பாக்கலீங்க" என்றார் அவர்.

அந்தத் தாள் என் ஃபைலில் இருந்தது. முதல் பெட்டியை நான்தான் பிரித்தேன். தாளை எடுத்தேன், துளை போட்டேன், கோர்த்தேன், கண்ணாடிகளை மட்டும் அவர் மேஜைக்கு அனுப்பினேன். புரொபசர் கேட்ட அந்த நிமிஷமே எனக்கு அது ஞாபகம் வந்துவிட்டது. எந்த அலமாரி, எந்தத் தட்டு என்பதுகூட. கையில் பேனாவை வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன். முதலில் வாய் வரவில்லை. பிறகு, சொல்வதற்கான நேரம் போய்விட்டது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது, ஆனால் சொல்லவில்லை. உண்மை இவ்வளவுதான்.

மருந்தை நிறுத்தினார்கள். அந்தப் பெண்ணிடம் தேதி தள்ளிப்போகிறது என்று மட்டும் சொல்லியிருந்தோம். அவரைக் கத்தியிலிருந்து எடுத்துவிட்டார்கள். கண்ணாடிப் பாத்திரம் கழுவுகிற அறையில் போட்டார்கள். வேறொரு பையனுக்கு அந்த வேலை போயிற்று. அவர் மறுநாளே கழுவ நின்றுவிட்டார். கழுவின பாத்திரங்களைக் கவிழ்த்து வைக்கும்போதுகூட, ஒன்று கீறிவிட்டால் வந்து சொல்லிவிட்டுப் போனார். மதியச் சாப்பாட்டுக்கு என் மேஜையைத் தாண்டித்தான் போவார். சாப்ட்டீங்களா என்று வழக்கம்போல் கேட்பார். நான் ஃபைலில் தலையை விட்டுக்கொள்வேன்.

ஒரு தடவை தலைகீழாகப் போன படத்தை இன்னொரு தடவை எடுத்துப் பார்க்காமல் யாரும் நம்ப மாட்டார்கள். பழைய துண்டுகள் சோதனைக்கும் சாயத்துக்குமாகத் தீர்ந்துபோயிருந்தன. அந்தப் பெண்ணின் கையிலிருந்து மறுபடி நாலு துண்டு எடுக்க வேண்டும். மருந்து கிடையாது, ஆனால் கையைக் கொடு என்று போய்க் கேட்க வேண்டும். சம்மதபத்திரம் என் வேலை. நான்தான் போக வேண்டியிருந்தது.

"நானும் வாரனுங்க" என்றார் அவர். லீவ் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நின்றார்.

விடியற்காலை பஸ் பிடித்து, பொள்ளாச்சி, உடுமலை, சின்னார், மறையூர் என்று ஏறி, உச்சி வெயிலில் சித்திரபுரம் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் நான் தூங்குகிற மாதிரி இருந்தேன். தோட்டத் தொழிலாளர் லயத்தில் நடுவீடு அந்தப் பெண்ணுடையது. கணவர் டூரிஸ்ட் ஜீப் ஓட்டப் போயிருந்தார். எங்களைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

"மருந்து கொண்டாந்திருக்கீங்களா? நானே வந்திருப்பேனே, எதுக்கு இம்புட்டுத் தூரம்?"

நான் சொல்வதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் தரையில் உட்கார்ந்தார். கண்ணாடி, சதுரம், மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், இரண்டாவது பெட்டியில் வந்த தாள் எல்லாவற்றையும் ஒன்று விடாமல், தரையில் விரலால் கோடு போட்டுக் காட்டிச் சொன்னார். கடைசியில், "தப்பு என்னுதுங்க" என்றார்.

அந்தப் பெண் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"அப்ப இத்தன நாளா நான் எத நம்பிக்கிட்டு இருந்தேன்? ஃபாக்டரியில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். எங்க அம்மா போட்டோ முன்னாடி நின்னு சொல்லிட்டேன், உனக்குக் கெடைக்காதது எனக்குக் கெடைச்சிருச்சுன்னு. இப்ப வந்து சதுரம் மாறிப்போச்சுங்கிறீங்க!"

அவர் தலையைக் குனியவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டு, அந்தக் கோபம் முழுவதையும் வாங்கிக்கொண்டார். எனக்கு எழுந்து வெளியே ஓடிவிடலாம் போலிருந்தது.

"அந்த மருந்தச் சாப்ட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"ஈரலுக்குக் கெடுதல்னு டாக்டருக சொன்னாங்க. கை இறுகறது நிக்கறதுக்கு வழி இல்லீங்க."

"நீங்க இதச் சொல்லாம இருந்திருந்தா யாருக்காவது தெரிஞ்சிருக்குமா?"

"ஆருக்கும் தெரிஞ்சிருக்காதுங்க."

அந்தப் பெண் சட்டைக் கையைத் தள்ளிவிட்டுப் புதுக் கோட்டைப் பார்த்தார். போன தடவை நான் பார்த்ததைவிட இரண்டு விரல் மேலே ஏறியிருந்தது. அதை ஒரு தடவை தடவிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"சரி, தாரேன். எடுத்துக்கிடுங்க. ஆனா இவருதான் வெட்டணும். வேற ஆளு தொடக் கூடாது."

"அவர் இப்போ அந்த வேலையில இல்லை" என்றேன்.

"ஏன்?"

"தப்பு நடந்ததால மாத்திட்டா."

"நல்லா இருக்கே கதை! தப்பச் சொன்னவர மாத்திட்டு, வாயே தொறக்காதவங்கள வச்சுக்கிட்டு வேலை பாப்பீங்களா? அப்ப என் கையை நான் யார நம்பித் தர்றது?" பேசிக்கொண்டே போனவர் சட்டென்று நிறுத்தினார். "ஆமா, அந்தத் தாளு ரெண்டாவது பெட்டியில இருந்துச்சுன்னா மொதப் பெட்டியிலயும் இருந்திருக்கணுமே. அது எங்க போச்சு?"

புரொபசர் ஒரு தடவை கேட்டு அத்தோடு விட்ட கேள்வி. தேயிலைத் தூளில் குச்சி பொறுக்குகிற கண் அது. தரையில் உட்கார்ந்திருந்தவர் என் பக்கம் திரும்பவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்கிட்ட இருந்தது" என்றேன். "நான்தான் எடுத்து ஃபைலில் வச்சேன். இவருக்குக் குடுக்கலை. அப்புறமும் சொல்லலை."

குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்குக் கேட்டுவிட்டது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. என் மடியில் இருந்த சம்மதபத்திரத்தை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி, என் முன்னால் வைத்தார்.

"எழுதுங்க. இப்பச் சொன்னத அப்படியே எழுதுங்க. எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அதுக்குக் கீழ நான் போடுறேன்."

எழுதினேன். இரண்டு வரிதான் வந்தது. இருபது வருஷத்தில் ஆயிரக்கணக்கான தாள்களில் கையெழுத்துப் போட்டிருப்பேன். எதிலும் என் தப்பு ஒன்று எழுதியிருந்ததில்லை. அந்தப் பெண் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, இவரே வெட்ட வேண்டும் என்று தன் கையாலேயே மூன்றாவது வரி எழுதி, பேர் போட்டார்.

தாள் புரொபசரிடம் போயிற்று. எனக்கு என்ன கிடைக்க வேண்டுமோ அது கிடைத்தது, அதில் எனக்கு வருத்தமில்லை. அவர் கத்திக்குத் திரும்பினார். இரண்டாவது படத்துக்கும் அவர்தான் வெட்டினார். மஞ்சள் உள்ளேதான் எரிந்தது. கோட்டுக்கு வெளியே, யாரும் கவனிக்காத இன்னொரு மரபணு மெல்லிசாக எரிந்துகொண்டிருந்தது தெரிந்தது. அதற்கு மருந்து இன்னும் வரவில்லை. தேடுகிறார்கள். அந்தப் பெண்ணின் கோடு முழங்கையைத் தாண்டிவிட்டது என்று கேள்வி. வலது கை நன்றாக இருக்கிறதாம்.

அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். பெருமாட்டியில் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பார். நான் போய்ப் பார்க்கவில்லை. சித்திரபுரத்திலிருந்து அன்றைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அவர் சொன்னதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மறையூர் தாண்டி பஸ் இறங்கிக்கொண்டிருந்தது. வெயில் இன்னும் இருந்தது. பக்கத்து சீட்டில் அவர் ஒரு கொய்யாவைத் துடைத்து, பாதி பிட்டு என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

"உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியுமுங்க. பெட்டியப் பிரிக்கறது நீங்கதானுங்களே."

"பின்னே ஏன் சொல்லலை? அந்த அறையிலே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்களைப் பாத்திரம் கழுவப் போட்டிருக்க மாட்டாளே."

"பாக்காம வச்சது என்னுதுங்க. அதச் சொல்லிப்போட்டேன். உங்களுத நான் எப்படிங்க சொல்றது?"

கொய்யாவைக் கடித்து மெதுவாக மென்றார். சின்னார் செக்போஸ்ட்டில் பஸ் நின்றது. போலீஸ்காரர் ஏறி ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கினார். பஸ் மறுபடி கிளம்பின பிறகுதான் அவர் பேசினார். அதில் குற்றம் சாட்டுகிற தொனி துளிகூட இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"தினமும் காத்தால நீங்க கேட்டுக்குள்ள வரும்போது பாத்துட்டு நிப்பனுங்க. இன்னைக்குச் சொல்லிப்போடுவாங்கன்னு."